நெதர்லாந்து ஐந்தோவன்ல 8 வார டச்சு உச்சரிப்பு வகுப்பு: 240 யூரோவுக்குத் தேறுச்சா?

ரெண்டு வருஷம் டச்சு படிச்சு, பி1ங்கற நடுத்தர நிலைப் பரீட்சையும் பாஸ் பண்ணி, அதுக்கப்புறமும் நான் வாயத் தொறந்தா எதிர்ல இருக்கறவங்க தலைய லேசா சாய்ச்சு "வாட் ஸெஹ்ட் ஊ?"ன்னு (என்ன சொன்னீங்க) கேக்கறாங்கன்னா தப்பு எங்கயோ இருக்குன்னு தெரியுது, ஆனா எங்கன்னு தெரியல. இலக்கணம் சரியா இருக்கு, வார்த்தையும் சரியான வார்த்தைதான். அப்புறம் ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங்ல ஸ்லைட்ல இருந்த ஃபல்கௌலன்ங்கற வார்த்தைய நான் சத்தமா வாசிச்சேன், ரூமே சிரிச்சுது. அது ஃபல் கௌல், ஃபல்னா பொறி, கௌல்னா குழி, அதாவது "இங்க மாட்டிக்காதீங்க"ன்னு சொல்ற இடம். நான் வெட்டினது ஃபல்க் ஔல். ஃபல்க்னா வல்லூறு, ஔல்னா ஆந்தை. "இந்த ப்ராஜெக்ட்ல மூணு வல்லூறாந்தை இருக்கு"ன்னு நான் சீரியஸா சொல்லிட்டு உக்காந்திருக்கேன்.

அதே வாரம் இன்னொண்ணு. "வி வில்லன் ஃபௌட்டன் ஃபோர்கோமன்"னு சொன்னேன். (வில்லன்னா இங்க விரும்பறோம்னு அர்த்தம், பயப்படாதீங்க.) தப்பு நடக்காம தடுக்கணும்னு சொல்ல வந்தேன். அழுத்தத்த முன்னாடி போட்டுட்டேன், அதனால கேட்டவங்க காதுல தப்பு நடக்கணும்னு விழுந்துது. எங்க டெஸ்டிங் லீட் ரொம்ப நிதானமா "அது ஏற்கனவே நல்லாத்தானே நடந்துட்டு இருக்கு"ன்னாரு. அன்னிக்கு சாயங்காலமே இந்த வகுப்புக்குப் பேர் குடுத்துட்டேன்.

வகுப்போட பேர் போடல. சின்ன எடம், ஒரே ஒரு டீச்சர், கீழ நான் திட்டப் போறதும் இருக்கு. 8 செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஏழரைல இருந்து ஒன்பதரை வரைக்கும், 240 யூரோ, புக்லெட்டுக்குத் தனியா 18.50. ஏரியா சமூகக் கூடத்துல மாடி ரூம், காபி ஃப்ரீ, பிஸ்கட் ஆளுக்கு ஒண்ணு (டப்பாவ மூடி வச்சிருவாங்க, இந்த ஊர் வழக்கம்). மொத்தம் 9 பேர், அதுல நாங்க ரெண்டு பேர் தமிழ், மத்தவங்க போலந்து, பிரேசில், சிரியா, ஒரு கொரியாக்காரம்மா. வகுப்போட விஷயம் ஒண்ணே ஒண்ணு, கூட்டுச்சொல். எங்க வெட்டணும், எங்க அழுத்தணும். கேக்கறதுக்கு சின்ன விஷயமாத் தெரியும், ஆனா டச்சுல எதையும் ஒட்டித்தான் எழுதுவாங்க, தெருப் பேர்ல இருந்து இன்ஷூரன்ஸ் லெட்டர் வரைக்கும் எல்லாமே கூட்டுச்சொல்தான்.

இனிமே வர்ற வார்த்தைகள்ல அழுத்தம் விழற இடத்துக்கு முன்னாடி ' போட்டிருக்கேன், அத மட்டும் கவனிச்சுக்கோங்க.

முதல் வகுப்புல டீச்சர் போர்டுல எழுதினது ரெண்டே வார்த்தை. அசைக்கு டச்சுல 'லெட்டர்-ஹ்ரேப், எழுத்துப் பிடின்னு வச்சுக்கலாம். அழுத்தத்துக்கு 'க்ளெம்-டோன், க்ளெம்னா இறுக்கிப் பிடிக்கற கவ்வி, டோன்னா தொனி. ரெண்டுமே கூட்டுச்சொல், ரெண்டுமே முன்னாடி அழுத்தம். இந்த ஊர்ல குழந்தைங்க ஸ்கூல்ல அசைக்கு ஒரு கை தட்டித்தான் படிக்க ஆரம்பிக்கறாங்களாம், எங்களையும் தட்ட வச்சாங்க. தட்டினப்பத்தான் எனக்கு என் வியாதி புரிஞ்சுது. நானும் இன்னொரு தமிழ்ப் பையனும் எல்லா அசைக்கும் ஒரே அளவுல தட்டறோம், படி போட்டு அரிசி அளக்கற மாதிரி. நமக்கு பல்லும் பாலும் வேற, பழமும் பள்ளமும் வேற, நெடில் குறில் ஒற்று எல்லாம் காதுக்கு நல்லாத் தெரியும். ஆனா ஒரு அசைய ஓங்கிச் சொன்னா அர்த்தமே மாறும்ங்கறது நம்ம காதுக்குப் பழக்கமே இல்லாத விஷயம். தமிழ்ல "அப்பா"வ எந்தப் பக்கம் அழுத்தினாலும் அப்பாதான்.

டீச்சர் அடுத்துப் பண்ணினதுதான் இந்த மொத்த 240 யூரோலயும் எனக்குப் பிடிச்ச இடம். வார்த்தைய சொல்லக்கூடாது, வாய மூடிட்டு முனகணும். ஸீக்கன்ஹௌஸ் (ஆஸ்பத்திரி) சொல்லுங்கன்னாங்க, நான் ம்ம் ம்ம் ம்ம்னு ரயில் தண்டவாளம் மாதிரி முனகினேன். அவங்க ஒரு தடிமனான ரப்பர் பேண்ட் எடுத்து என் ரெண்டு கட்டைவிரல்லயும் மாட்டி, முதல் அசைக்கு இழுக்கச் சொன்னாங்க, மீதிக்கு விட்டுடணும். 'ம்ம்ம்-ம்-ம். நான் முதல் அசையக் கத்தினேன், அது இல்லன்னாங்க. "முதல்ல இருக்கறத பெருசு பண்ணாதீங்க, பின்னாடி இருக்கறத சின்னது பண்ணுங்க." இந்த ஒரு வரில எனக்கு எல்லாம் திறந்துடுச்சு. ஹௌஸுங்கறது தனியா நிக்கறப்ப முழு வார்த்தை, ஆனா 'ஸீக்கன்-ஹௌஸ்ல அது கொஞ்சம் குனிஞ்சு நிக்கணும். முழுசாக் காணாமப் போகக்கூடாது, அதுக்கும் ரெண்டாம் தர அழுத்தம்னு ஒண்ணு இருக்கு, ஆனா முன்னாடி இருக்கறவன் தலைக்கு மேல எட்டிப் பாக்கக்கூடாது.

பொது விதி இதுதான். ரெண்டு வார்த்தை சேர்ந்தா முதல் வார்த்தை தன்னோட சொந்த அழுத்தத்த அப்படியே வச்சுக்கும், அதுவே தலைமை அழுத்தம் ஆயிடும். இதுல நிறைய பேர் வழுக்கற இடம், "முதல் வார்த்தை"ன்னா "முதல் அசை"ன்னு நெனச்சுக்கறது. ஐந்தோவன் ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல இருக்கற சதுக்கம் ஸ்டா-'ஷோன்ஸ்-ப்ளெய்ன், ஏன்னா ஸ்டா-'ஷோன்னுதான் அந்த வார்த்தைக்கே அழுத்தம். வாழைப்பழத் தோல் பா-'நானன்-ஸ்ஹில். பிறந்தநாள் ஃபெர்-'யார்-டாஹ், அதுல ஃபெர்ங்கற முன்னொட்டு என்னிக்குமே அழுத்தம் வாங்காது. பிறந்தநாள் பரிசுன்னு நீட்டினாலும் அழுத்தம் அதே 'யார்லதான் நிக்கும். ஆனா புக்லெட்டோட 3ஆம் பக்கத்துல தடிச்ச எழுத்துல "கூட்டுச்சொல்லில் அழுத்தம் முதலில்"னு ஒரே வரி டச்சுல போட்டு விட்டுட்டாங்க, முதலில்னா எதோட முதல்னு இல்ல. எங்க வகுப்புல பாதிப் பேர் ரெண்டு வாரம் 'ஸ்டாஷோன்ஸ்ப்ளெய்ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சோம்.

விதிவிலக்கு வேற இருக்கு. நகராட்சிக் கட்டடம் ஸ்டட்-'ஹௌஸ், அழுத்தம் பின்னாடி. புத்தாண்டு நியூ-'யார், பின்னாடி. சிவப்பு முட்டைகோஸ் ரோடா-'கோல், பின்னாடி. ஏன்னு கேட்டா டீச்சர் தோளக் குலுக்கினாங்க, அது நேர்மையான பதில்தான். ஆனா ஸ்டட்-'ஹௌஸ் வாசல்ல இருக்கற சதுக்கம் ஸ்டட்-'ஹௌஸ்-ப்ளெய்ன், அதாவது விதிவிலக்கும் விதிப்படிதான் வளருது, அத அவங்க போர்டுல காட்டினப்ப எனக்குக் கணக்கு விடை வந்த சந்தோஷம். ஊர்ப் பேரும் இப்படித்தான். ஆம்ஸ்டர்-'டாம், ரோட்டர்-'டாம், ஸ்ஹீ-'டாம், ஃபோலன்-'டாம். டாம்னா அணை, ஆம்ஸ்டல் ஆத்துல கட்டினது ஆம்ஸ்டர்டாம், ரோட்ட ஆத்துல கட்டினது ரோட்டர்டாம், அழுத்தம் அணையிலதான் முட்டி நிக்கும். நாம இங்கிலீஷ் வழியாக் கேட்டு முன்னாடி அழுத்தியே பழகிட்டோம். ஆனா எங்க ஊர் 'எய்ன்ட்-ஹோஃபன், பக்கத்துல 'ஃபெல்ட்-ஹோஃபன், ரெண்டும் சாதுவா முன்னாடி. (தமிழ்ல எழுதறப்ப ஐந்தோவன்னே எழுதறேன், அத மாத்த மனசு வரல.)

மூணாவது வாரம் முழுக்க வெட்டற விளையாட்டு, அது நல்ல ஜாலி. டெய்க்ராம்ப்னு ஒரு வார்த்தை. டெய்க்-ராம்ப்னு வெட்டினா கரை உடைஞ்ச பேரழிவு, டெய்-க்ராம்ப்னு வெட்டினா தொடைல சதைப்பிடிப்பு. சிரிச்சோம், அப்புறம் டீச்சர் 1953 பிப்ரவரி வெள்ளத்தப் பத்தி சொன்னாங்க, ஸேலாண்ட் பக்கம் கரை உடைஞ்சு இந்த நாட்டுல 1,836 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. பியூர்டால்னு ஒண்ணு, பியூர்-டால்னா அண்டை நாட்டு மொழி, பியூர்ட்-ஆல்னா பேட்டை விலாங்குமீன். போம்மெல்டிங், வெடிகுண்டு இருக்குன்னு வர்ற தகவல், அத போம்மல்-டிங்னு வாசிச்சா போம்மல்ங்கற என்னமோ ஒரு பொருள். க்வார்ட்ஸ்லாஹன், கால் கால் சுத்தா திருப்பறதா இல்ல க்வார்ட்ஸ் கல்லு அடுக்கா. கொரியாக்காரம்மா இது எல்லாம் வேணும்னே கட்டின வார்த்தைங்கன்னு வாதாடினாங்க, கொஞ்சம் உண்மைதான், பேட்டை விலாங்குமீன யாரு எங்க பாத்தா. நான் நம்ம ஸ்கூல்ல படிச்ச பொதுமொழிய அவங்களுக்கு சொன்னேன், பலகைன்னா ஒரு பொருள், பல கைன்னு பிரிச்சா வேற, தாமரைய தா மரைன்னு பிரிச்சா மரைங்கற மானக் குடுன்னு கேக்கற மாதிரி ஆயிடும். டீச்சருக்கு ரொம்பப் பிடிச்சுப்போய் பலகைய போர்டுல தமிழ்லயே எழுதச் சொன்னாங்க. ஆனா ஒரு வித்தியாசம், நாம பலகைய இடம் பாத்துதான் புரிஞ்சுக்கறோம். டச்சுல நிறைய இடத்துல வாயே காட்டிக் குடுத்துடும். மசாஜ் மேசைக்கு மா-'ஸாஜ-பெட், கூட்டுப் பிரார்த்தனைக்கு 'மாஸா-ஹபெட், எழுதினா ரெண்டும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு.

ஒட்டற இடத்துல சத்தம் மாறறது எனக்கு அல்வா மாதிரி, புணர்ச்சி விதி படிச்சு வளர்ந்த ஆளுங்களாச்சே. பல் டாக்டருக்கு 'டன்ட்-ஆர்ட்ஸ், எழுத்துல இருக்கறது டி (d), ஆனா வார்த்தை அங்க முடியறதால வாய்ல வர்றது டீ (t). பல்லுங்கன்னு பன்மைல சொல்றப்ப அதே டி மெத்துன்னு திரும்பி வந்துடும். கைக்குட்டை இதுக்கு நேர் எதிர், ஸாக்குன்னா பை, டூக்குன்னா துணி, சேர்றப்ப நடுவுல இருக்கற க சத்தம் நம்ம தங்கத்துல வர்ற க மாதிரி இளகிடும். இத்தனைக்கும் டச்சுக்காரங்களோட ஜி எழுத்து தொண்டைல இருந்து வர்ற சத்தம், இங்க தெற்குல கொஞ்சம் மெத்துன்னு, ஆம்ஸ்டர்டாம் பக்கம் கரகரன்னு. தங்கத்து க அவங்க சொந்த வார்த்தைகள்ல இப்படி ஒட்டற இடத்துலதான் திருட்டுத்தனமா எட்டிப் பாக்கும். இத டீச்சர் சொல்லல, நான் கேட்டப்ப ஆமான்னாங்க. அஞ்சு மார்க் எனக்கே போட்டுக்கிட்டேன்.

ஃபோர்கோமன் விவகாரம் அஞ்சாவது வாரம் வந்துச்சு. 'ஃபோர்கோமன்னா நடக்கறது, ஃபோர்'கோமன்னா தடுக்கறது. இங்க அழுத்தம் இலக்கணத்தையே ஓட்டுது. முன்னாடி அழுத்தம் இருந்தா வாக்கியத்துல அது ரெண்டா உடையும், "ஹெட் கோம்ட் ஃபோர்", ஃபோர் கடைசிக்கு ஓடிடும். பின்னாடி அழுத்தம் இருந்தா உடையாது, "இக் ஃபோர்'கோம்". சூரியன் மறையறது 'ஒண்டர்-ஹான், ஆபரேஷன் பண்ணிக்கறது ஒண்டர்-'ஹான். எந்த வினை பிரியும் எது பிரியாதுன்னு ரெண்டு வருஷமா நான் லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணிட்டு இருந்தேன், காதுலயே விடை இருந்திருக்கு. இதுக்கு முன்னாடி படிச்ச எந்த டீச்சரும் இத இந்தத் திசைல இருந்து சொல்லித் தரல, அது எனக்கு உண்மையிலேயே கோவம். அதே வகுப்புல பெயரடை விஷயமும் வந்துது, அறிவியல் 'வேட்டன்ஸ்ஹாப், அறிவியல் சார்ந்தங்கறது வேட்டன்'ஸ்ஹாப்பலக், வால் ஒட்டினதும் அழுத்தம் பின்னாடி இழுபடுது. விதி 'நோட்லோட், விதிவசமானது நோட்'லோட்டஹ். இது நல்ல சாமான், ஆனா இருபது நிமிஷத்துல முடிச்சுட்டாங்க.

சரி, திட்டறதுக்கு வருவோம். புக்லெட்.

18.50 குடுத்து வாங்கின புக்லெட்ல அசை பிரிச்சிருக்கறது எல்லாம் வரி முடியறப்ப வார்த்தைய உடைக்கற எழுத்து விதிப்படி. பேசறப்ப வர்ற அசை அது இல்ல. ரெண்டும் நிறைய இடத்துல ஒத்துப்போகும், ஒத்துப்போகாத இடத்துல நம்மள மாதிரி ஆளுங்களக் கவுத்துடும். பேக்கரிக்காரர் பாக்-கர்னு ரெண்டு க போட்டுப் பிரிச்சிருக்கு. எழுத்துல ரெண்டு க்தான், ஆனா டச்சுக்காரன் வாய்ல ஒரே ஒரு க், ரெண்டாவது எழுத்து முன்னாடி இருக்கற உயிர் குறில்னு காட்டறதுக்கு மட்டும். தமிழ்ல பகலும் பக்கலும் வேற வேறன்னு வளர்ந்த நான் அந்தக் கோட்டப் பாத்ததும் பாக்க்கர்னு அமுக்கிச் சொல்றேன். நாலு வாரம் கழிச்சு டீச்சர் "ஏன் நடுவுல நிறுத்தறீங்க"ன்னு கேக்கறாங்க, நீங்கதானம்மா கோடு போட்டுக் குடுத்தீங்க. குட்டிக் கார் இன்னொரு கூத்து. அதுக்கு எழுத்துல ஓ ரெண்டு, வரி உடையறப்ப ஒரு ஓ விழுந்துடும், அது எழுத்து விதி. புக்லெட்ல ஒரு ஓவோட உடைச்ச வடிவத்த மட்டும் போட்டிருக்கு, விளக்கம் கிடையாது, பிரேசில் பையன் அப்படியே பரீட்சைல எழுதிட்டு வந்துட்டான்.

அப்புறம் பான்னகூக் (அதாங்க, இந்த ஊர் பான்கேக்). 1995ல எழுத்துச் சீர்திருத்தம் வந்து நடுவுல ஒரு ந் சேத்தாங்க, ஆனா பெரும்பாலான ஆளுங்க வாய்ல அந்த ந் இன்னும் வரல. ஆடியோல ந் இல்லாம சொல்றாங்க, புக்லெட்ல ந் இருக்கு, கீழ ஒரு வரி போட்டிருந்தா முடிஞ்சுது. ஆடியோவே கியூஆர் கோட் வழியாத்தான், 6ஆம் பாடத்து கோட் 4ஆம் பாடத்துக்குப் போகுது. சொன்னேன், "ஆமா தெரியும்"னாங்க. தெரிஞ்சுதான் வித்தாங்களா?

கடைசி ரெண்டு வாரம் சுமார். ஏழாவது வாரம் நீளமான வார்த்தைங்க, வேலை செய்ய முடியாமப் போனா வர்ற காப்பீடு, 'ஆர்பெய்ட்ஸ்-ஒன்ஹஸ்ஹிக்ட்ஹெய்ட்ஸ்-ஃபெர்ஸேகரிங், 33 எழுத்து, 10 அசை, ஒரே ஒரு தலைமை அழுத்தம். சொல்லி முடிச்சா கை தட்டல் கிடைக்கும், அதோட சரி, இத வாழ்க்கைல எத்தனை தடவை சொல்லப் போறோம். அத விட உள்ள ஒரு சொற்றொடர் ஒளிஞ்சிருக்கற ரகத்துக்கு நேரம் குடுத்திருக்கலாம். சிவப்பு வைன் கிளாஸ் ரோடா-'வெய்ன்-ஹ்லாஸ், அழுத்தம் வைன்ல, முதல் வார்த்தைல இல்ல. நெடுந்தூர ஓட்டக்காரர் லாங்க-'ஆஃப்ஸ்டன்ட்ஸ்-லோப்பர்னு ஒரே வார்த்தை, லாங்கவ மட்டும் தனியாப் பிரிச்சு எழுதிட்டா உயரமான தூர ஓட்டக்காரர் ஆயிடுவார். இப்படி இங்கிலீஷ் பழக்கத்துல இடைவெளி விட்டு எழுதறதுக்கு இங்க "ஆங்கில நோய்"னே பேரு, குழந்தைங்களுக்கு எலும்பு வளையற நோய்க்கும் டச்சுல அதே பேருதான். கடைசி வாரம் ரிவிஷன்னு சொல்லிட்டு காபியும் ஃபோட்டோவும்.

யாருக்கு இது? வாசிக்க எழுத ஓரளவு வந்து, வாய்தான் பிரச்சனைன்னா போங்க, முதல் அஞ்சு வாரத்துக்கே காசு வசூல். இப்பத்தான் டச்சு ஆரம்பிக்கறீங்கன்னா வேண்டாம், லைப்ரரில நடக்கற ஃப்ரீ டால்-காஃபேக்குப் போய் பேசிப் பழகுங்க. வார்த்தைய எங்க உடைக்கணும்ங்கறது மட்டும் வேணும்னா அரசாங்க வார்த்தைப் பட்டியல் நெட்ல இலவசமா இருக்கு, ஒவ்வொரு வார்த்தைக்கும் பிரிச்சுக் காட்டும், அதுக்குக் காசு குடுக்காதீங்க. நீங்க காசு குடுக்கறது அந்த ரப்பர் பேண்டுக்கும், உங்க முனகல உக்காந்து கேக்கற காதுக்கும்தான். அஞ்சுக்கு மூணரை ஸ்டார், டீச்சருக்கு மட்டும்னா நாலரை, புக்லெட்டுக்கு ஒண்ணு.

புக்லெட் வாங்காதீங்க. என்னுது இருக்கு, தப்பான கோடு எல்லாத்தையும் பச்சைப் பேனால திருத்தி, அழுத்தத்துக்கு எல்லாம் மேல புள்ளி வச்சிருக்கேன். 14ஆம் பக்கத்துல காபி கொட்டியிருக்கு, அது வல்லூறாந்தை இருக்கற பக்கம், வாசிக்க முடியும். ஐந்தோவன், ஃபெல்ட்ஹோஃபன் பக்கம் இருக்கறவங்க கேட்டா சும்மாவே தர்றேன்.